கேஸ்மென்ட்னு சொல்லிட்டுப் போன மாப்ளைக்கு

அன்பில் குறை வைக்காமல், ஆயுளில் மட்டும் அவசரப்பட்டுவிட்ட என் மாப்ள கதிரேசா,

நலமா என்று கேட்கலாமா கூடாதா என்பதிலேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. நாங்கள் நலம். உன் பொண்டாட்டி, அதாவது என் தங்கச்சி செல்வி, நலம். உன் மகள் நிவேதா கோபமாக இருக்கிறாள், ஆனால் நலம். நான் வழக்கம் போல இந்த மதுரை மாநகரை ஆண்டுகொண்டிருக்கிறேன். சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. மன்னர்களுக்கு அதெல்லாம் சகஜம்.

ஒரே ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். அதை என் தலையில் ஏற்றிவிட்டு நீ கிளம்பிப் பத்து மாசம் ஆகிறது. நானும் இறக்கிவைக்க இடம் தெரியாமல் ஊர் ஊராகச் சுமந்து திரிந்தேன்.

கேஸ்மென்ட்.

வில்லாபுரத்தில் உன் வீட்டுக்கு நிலை வைத்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, வாசல் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். நிறுத்திய சூட்டோடு நான் தாய்மாமன் என்ற முறையில் ஒரு செங்கல் குவியல் மேல் ஏறி, அவனியாபுரம் வரைக்கும் கேட்கிற குரலில் அறிவித்தேன். "இந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல் உண்டோ அத்தனையும் என் சீர்." இருந்தது ஆறு ஜன்னல். நான் அறிவித்த தோரணையைப் பார்த்தவர்கள் ஆறாயிரம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

இறங்கியதும் நீ என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாய்.

"மச்சான், அஞ்சு ஜன்னல் நீங்க எப்படி வேணும்னாலும் போடுங்க. முன் ரூம் ஜன்னல் மட்டும் கேஸ்மென்ட். மறந்துறாதீங்க."

"கேஸ்மென்ட்தான? நான் பாக்காத கேஸ்மென்ட்டா மாப்ள."

"இல்ல, என்னன்னு தெரியும்ல?"

"இங்க பாரு, பத்துப் பேரு இருக்கிற இடத்துல நீ என்னைய அவமானப்படுத்துற."

நீ சிரித்தாய். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். கேசரியைப் பார்த்ததும் நானும் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். மூன்றே வாரம். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாயாம். நான் ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு 'தெரியாது மாப்ள' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கிரீடம் கழன்றா விழுந்திருக்கும்?

நீ அந்த வார்த்தையை எங்கே பிடித்தாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆரப்பாளையத்தில் முப்பது வருஷம் ப்ளான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன் நீ. எஞ்சினியர்கள் சுருட்டிக் கொண்டுவருகிற பாய் அகல வரைபடங்களை நகல் எடுத்துக் கொடுப்பது உன் வேலை. மதுரையில் பாதி வீடு உன் மிஷின் வயிற்றுக்குள் போய் வந்ததுதான். மீனாட்சியம்மன் கோயில் உனக்கு முன்னாலேயே கட்டிவிட்டதால் தப்பித்தது. ஊரார் வீட்டுப் படத்தைப் படித்துப் படித்து உனக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் கடுகு, சீரகம் மாதிரி கைக்குப் பக்கத்திலேயே இருந்தன. எனக்கு அப்படியா?

போன மாசம் பூச்சு வேலை முடிந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற உன் மகள் அங்கிருந்து போன் போட்டாள்.

"மாமா, ஜன்னலுக்கு அளவெடுக்க ஆள் சொல்லணும். ஆறும் ஸ்லைடிங் போட்டுருவோம். கொசு வலையும் அதோட சேந்தே வந்துரும்."

"ஆறு இல்லம்மா, அஞ்சு. முன் ரூமுக்கு கேஸ்மென்ட். உங்கப்பன் உத்தரவு."

"அப்படின்னா என்ன மாமா?"

மாப்ள, அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் நாக்கு என்னைக் கேட்டா ஆடுகிறது? "அது வெள்ளைக்கார மகாராணிக அரண்மனையில போடுறதும்மா. ஒரு ஜன்னலைப் பொருத்த ஏழு பேரு வேணும். ஒருத்தன் சும்மா நின்னு பாக்குறதுக்கே" என்று சொல்லி வைத்தேன். "மாமா, உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

வைத்ததும் செல்லில் தேடிப் பார்த்தேன். பக்கவாட்டில் கீல் வைத்து, கதவு போலத் திறக்கும் ஜன்னல் என்று இருந்தது. அவ்வளவுதான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். மறுபடியும் அம்புட்டுத்தான். நான் பிறந்ததிலிருந்து என் வீட்டில், உன் வாடகை வீட்டில், நாம் படித்த பள்ளிக்கூடத்தில், நான் பார்த்த ஜன்னல் பூராவும் அதுதானே? அதற்கு ஜன்னல் என்றல்லவா பேர்? தள்ளுகிற ஜன்னல் ஊருக்குள் வந்து அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டது போல. பழைய ஆளுக்குச் சீமையிலிருந்து புதுப் பேர் இறக்க வேண்டியதாகிவிட்டது.

அர்த்தம் தெரிந்ததும் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும். எனக்கோ அப்போதுதான் பிடித்தது. ஒரு சாதா ஜன்னலுக்கா நீ என்னை ஓரங்கட்டி, குரலைத் தாழ்த்தி, மறந்துறாதீங்க என்று சொன்னாய்? அஞ்சு ஜன்னலில் உனக்கு இல்லாத அக்கறை ஆறாவதில் ஏன்?

செல்வியிடம் போய் நீ வரைந்த படத்தைக் கேட்டேன். யாரோ ஒருத்தர் வீட்டுப் படம் கோணலாக விழுந்த தாள், அதன் முதுகில் உன் வீட்டை வரைந்து வைத்திருந்தாய். முன் ரூம் ஜன்னலுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் அந்த வார்த்தை. ஜன்னலுக்குள்ளே புள்ளி புள்ளியாக ஒரு முக்கோணம், படுக்கவைத்த மாதிரி, கூர் வலது பக்கம் பார்த்துக்கொண்டு. மற்ற அஞ்சில் அது இல்லை.

"என்னண்ணே இது?" என்றாள் செல்வி.

"வாஸ்து" என்றேன். இப்படித்தான் மாப்ள, எனக்கே தெரியாமல் வந்துவிடுகிறது.

சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. திருவாதவூரில் வாஸ்து பார்க்கிற ஒருத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கூட்டமான பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று, ஏழு கடல் தாண்டிப் போனேன். அவர் படத்தை நிமிர்த்திப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இது அக்கினி முக்கோணம். இந்த இடத்துல கண்ணாடி ஆகாது. சாயங்காலம் விளக்கு வைக்கணும்" என்றார். நானும் பயபக்தியோடு தலையாட்டினேன். வெறும் ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இத்தனை ஞானமா என்று உன்னை நினைத்து மெய் சிலிர்த்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் ஆரப்பாளையத்தில் காதர் பாய் பட்டறைக்குப் போனேன். உன் கடைக்கு நாலு கடை தள்ளி அலுமினிய ஜன்னல் செய்கிறாரே, அவர்தான். படத்தை நீட்டி, "பாய், முன் ரூமுக்குக் கண்ணாடி இல்லாம, விளக்கு வைக்கிற மாதிரி ஒரு கேஸ்மென்ட்" என்றேன்.

பாய் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் படத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், பட்டறையில் அறுத்துக்கொண்டிருந்த மிஷினே நின்றுவிட்டது.

"அண்ணே, இது அக்கினியுமில்ல, அப்பளமுமில்ல. இந்த ரெண்டு கோடும் எந்தப் பக்கம் போய்ச் சேருதோ, அந்தப் பக்கம் கீல். தொறக்குற விதத்தைக் காட்ட எஞ்சினியருங்க போடுறது. கதிரேசன் அண்ணன் கரெக்டாப் போட்டிருக்காரு."

"அதான் நானும் நினைச்சேன்" என்றேன்.

"நாங்க ஓப்பனபிள்னு சொல்லுவோம். எஞ்சினியருங்க எழுதுறப்ப கேஸ்மென்ட். பக்கத்துல கீல் இருந்தாத்தான் அந்தப் பேரு. மேல கீல் வச்சு, பாத்ரூமுக்குத் தூக்கித் தொறக்குற மாதிரி போடுறோம்ல, அது இதுல சேராது."

"ஸ்லைடிங்குக்கும் இதுக்கும் என்னதான் பாய் வித்தியாசம்? ரெண்டும் காத்துக்குத்தான?"

"ஸ்லைடிங்கை எம்புட்டுத் தள்ளுனாலும் பாதிதான் தொறக்கும், மீதிப் பாதியை மறைச்சுக்கிட்டு கண்ணாடி நிக்கும். இது முழு ஜன்னலும் தொறக்கும்." பாய் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஆனா ஒண்ணு இடிக்குதுண்ணே. மத்த அஞ்சுலயும் கம்பி வரைஞ்சிருக்காரு. இதுல கம்பியே இல்ல. அடியில வேற, தெருப் பக்கமா ஒரு அடிக்குக் கடப்பாக்கல்லு நீட்டிருக்காரு. கம்பி இல்லாம ஜன்னல் கேக்குற ஆளா அவரு?"

எனக்கென்ன தெரியும் மாப்ள? மெயின் ரோட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, கம்பியில்லாத ஜன்னல். திருடனுக்குத் தாம்பூலம் வைத்து அழைக்கிற மாதிரி. உனக்கு என்ன ஆகிவிட்டது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிவேதாவும் ஊரில் இருந்தாள். செல்வியையும் சேர்த்து மூவரும் காலையிலேயே புது வீட்டுக்குப் போனோம். சிமெண்ட் வாசனை இன்னும் போகவில்லை. முன் ரூமில் ஜன்னல் இருக்க வேண்டிய இடம் வெறும் சதுர ஓட்டையாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் சொன்னதை எல்லாம், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி, இருவருக்கும் விளக்கினேன்.

"கம்பி இல்லாமலா?" என்றாள் நிவேதா. "அம்மா இந்த வீட்டுல தனியா இருக்கப் போறாங்க மாமா. அப்பா தப்பா வரைஞ்சிருப்பாரு. ஆறும் ஸ்லைடிங். முடிஞ்சுபோச்சு."

செல்வியோ படத்தில் அந்தக் கடப்பாக்கல்லுக்குப் பக்கத்தில் நீ பென்சிலால் எழுதியிருந்த அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து மூணடி நாலு அங்குலம். அப்புறம் மெதுவாக எழுந்துபோய் அந்த ஓட்டைக்கு முன்னால் நின்று, கையை மடக்கினாள். சுவர் சரியாக அவள் முழங்கைக்கு நின்றது.

"அண்ணே, இது தூக்குவாளி வைக்கிற கல்லு."

உனக்குத் தெரிந்த கதைதான். இதை ஓரமாக நின்று படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் தங்கச்சி பதினாலு வருஷமாக வாடகை வீட்டு ஜன்னல் வழியாக இட்லி மாவு விற்கிறாள். அந்த ஜன்னலுக்குக் கதவு உண்டு, ஆனால் கம்பியும் உண்டு. வாங்க வருகிறவர்கள் தெருவில் நின்று தூக்குவாளியை ஏந்திப் பிடிப்பார்கள். இவள் அகப்பையைக் கம்பிக்கு நடுவே சாய்த்து, சிந்தாமல் ஊற்றுவாள். கம்பி உரசி உரசி அவள் வலது மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு காய்ப்பு. அவள் மாவில் சுட்ட இட்லியைக் கையை விட்டால் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும், அம்புட்டு லேசு. இது மட்டும் மிகையில்லை.

"ஒரு நாளு நான் மாவு ஊத்திக்கிட்டு நிக்கிறேன்" என்றாள் செல்வி. "டேப்பை எடுத்துட்டு வந்து, தரையிலேருந்து என் முழங்கை வரைக்கும் அளந்தாரு. என்னங்க, எனக்குச் சிலை வைக்கப் போறீங்களான்னு கேட்டேன். ஆமான்னாரு."

நிவேதா அம்மா பக்கம் திரும்பினாள். "அப்ப எங்கிட்ட ஏம்மா அப்படிச் சொன்னாரு? புது வீட்டுக்குப் போனதும் உங்கம்மாவை மாவுல கை வைக்க விடக்கூடாது பாப்பான்னு சொன்னாரு. சத்தியம் வாங்குனாரு. நான் அதுக்காகத்தான இந்த ஓட்டம் ஓடுறேன்?"

மாப்ள, இங்கேதான் நான் மொத்தமாகக் கவிழ்ந்தேன். மகளிடம் ஒன்று சொன்னாய். தாளில் வேறொன்றை வரைந்தாய். என்னிடம் வெறும் ஒரு வார்த்தையைக் கொடுத்தாய். இதில் எது நீ? மகள் மனசு நோகக் கூடாது என்று அவளிடம் சும்மா தலையாட்டினாயா? இல்லை, ஜன்னலை முதலில் வரைந்து, அப்புறம் மனசு மாறி மகளிடம் சொன்னாயா? எது முன்னால், எது பின்னால் என்று அந்தத் தாளில் தேதி போட்டு வைக்கக் கூடவா தோன்றவில்லை? இன்னொரு சந்தேகமும் வருகிறது. எனக்கு அர்த்தம் தெரியாது என்பது உனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் சிரித்தாய். தெரியாதவனிடம் கொடுத்து வைத்தால் விஷயம் வெளியே போகாது என்று என்னைப் பெட்டகமாகப் பயன்படுத்தினாயோ? அப்படியென்றால் உன்னைக் கும்பிடுவதா, வைவதா?

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மாடி, உங்கப்பன் நிலை வச்ச அன்னைக்குத் தெளிவாச் சொன்னான்" என்று ஆரம்பித்தேன்.

"உங்ககிட்ட ஒரு வார்த்தைதான மாமா சொன்னாரு? எங்கிட்ட சத்தியமே வாங்கியிருக்காரு."

"வரைஞ்சு வச்சிருக்கானே, அது சத்தியம் இல்லையா?"

"உங்களுக்குத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தமே தெரியாதே."

"தெரியாது" என்றேன். சொல்லிவிட்டேன் மாப்ள. அறுபத்திரண்டு வயதில் முதல் தடவை. ஆகாயம் இடிந்து விழவில்லை. "தெரியாமத்தான் தலையாட்டினேன். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பான், இன்னைக்கு நாம இங்க நின்னு சண்டை போட வேண்டியதில்ல. என் தப்புத்தான். அதுக்காக அவன் வரைஞ்சது இல்லைன்னு ஆயிருமா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா" என்றாள் செல்வி.

நிறுத்தினோம்.

"அவரு சொன்னாரு, அவரு வரைஞ்சாருன்னு ரெண்டு பேரும் செத்தவரை இழுத்து நடுவுல நிறுத்துறீங்க. நான் இங்கதான நிக்கிறேன். எங்கிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நிவேதாவும் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, நீயும் கேட்கவில்லை. முழங்கையை அளந்தாய், காரணத்தைச் சொல்லவில்லை.

"முழுசாத் தொறக்குற ஜன்னல்தான் எனக்கு வேணும். அதுல நான் மாவு விப்பேனா, சும்மா உக்காந்து தெருவைப் பாப்பேனா, அது என் பாடு. ஒரு மாசம் வித்துட்டு முடியலைன்னா சாத்திட்டுப் படுத்துக்குவேன். ஆனா தொறக்கவே முடியாத மாதிரி ஒண்ணைப் போட்டுட்டு, உன் நல்லதுக்குத்தாம்மான்னு சொல்லாதீங்க."

"கம்பி இல்லாம எப்படிம்மா?" என்றாள் நிவேதா. முன்பிருந்த வேகம் இல்லை.

அங்கேயே நின்று காதர் பாய்க்குப் போன் போட்டேன். கம்பியையும் கீல் வைத்து, உள்பக்கம் திறக்கிற மாதிரி, பூட்டோடு செய்யலாம் என்றார். கண்ணாடிக் கதவு தெருப் பக்கம் திறக்கும், கம்பிக் கதவு ரூமுக்குள் திறக்கும். "சாவி என் இடுப்புல" என்றாள் செல்வி. பாய் விடவில்லை. கீல் எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்லச் சொன்னார்.

"வலது" என்றேன் நான், படத்தைப் பார்த்து.

"இடது" என்றாள் செல்வி, ஓட்டைக்கு முன்னால் நின்றபடி. "எனக்கு வலது கை வீசணும்ணே. கதவு இடது பக்கமா ஒதுங்கி நிக்கணும்."

"அவன் வலதுன்னுல்ல வரைஞ்சிருக்கான்?"

"அவரு வரைஞ்சா? அகப்பை பிடிக்கப் போறது நானு."

போனில் பாய், "அண்ணே, வலதா இடதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் உன் கணக்கே தப்பாகிவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வலி.

நிவேதா என் கையிலிருந்து தாளை வாங்கினாள். அதைப் பார்த்தாள். அம்மா நிற்கிற இடத்தைப் பார்த்தாள். வாசல் வழியாக வெளியே போய், தெருவில், அந்த ஓட்டைக்கு நேராக வந்து நின்றாள். தூக்குவாளி கொண்டு வருகிறவர்கள் நிற்கப்போகிற இடம். அங்கிருந்து தாளை உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள்.

"மாமா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். "அம்மா உள்ளேருந்து சொல்றாங்க. அப்பா இங்க தெருவுல நின்னு, அம்மாவைப் பாத்துக்கிட்டே வரைஞ்சிருக்காரு."

செல்வி அந்தச் சதுரத்துக்குள் அப்படியே நின்றாள். வெளியே மகள், உள்ளே அம்மா, நடுவில் இன்னும் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "கல்லு ஒரு அடி போதுமாம்மா? பெரிய தூக்குவாளி வந்தா இடிக்காது?"

ஜன்னலுக்குச் சொல்லியாகிவிட்டது. மாவு விற்கப் போகிறாயா என்று செல்வியிடம் கேட்டேன், "பாப்போம்ணே" என்றாள். எனக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகளிடம் நீ ஏன் அப்படிச் சத்தியம் வாங்கினாய் என்பதும் தெரியவில்லை. நேரில் வரும்போது கேட்டுக்கொள்கிறேன். அவசரமில்லை.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன் மாப்ள. அந்த ஜன்னலைத் திற என்று நான் அவளிடம் சொல்ல மாட்டேன். மூடு என்று யாரும் சொல்லவும் விடமாட்டேன், அது உன் மகளே ஆனாலும், உன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும். காலையில் அது திறந்திருந்தால் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பேன். சாத்தியிருந்தால் சத்தம் போடாமல் வீட்டுக்குப் போவேன்.

இப்படிக்கு,
உன் செல்விக்கு அண்ணன், உன் நிவேதாவுக்குத் தாய்மாமன், உனக்கு எப்போதும் மச்சான்,
வேலுச்சாமி